தோசைக்கல்லில் வெந்த விரல்: தொழுநோய் என்று கருதப்பட்ட ஒரு தண்டுவடக் கட்டி

பின்னணி

நோயாளி 43 வயதுப் பெண். தென் மாவட்டம் ஒன்றில் கணவரோடு சேர்ந்து வீட்டு முகப்பிலேயே இட்லி, தோசைக் கடை நடத்திவந்தார். அதிகாலை 4 மணிக்கு எழுந்தால் காலை 10 மணிவரை அடுப்படியில்தான் நிற்பார். மாலையில் மறுபடியும் மூன்று மணி நேரம். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ காசநோயோ அவருக்கு இருந்ததில்லை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன். அவரைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் நான். இதில் வரும் தாமதங்களில் ஒன்று என்னுடையது.

தண்டுவடத்தில் தோன்றும் கட்டிகளை அவை இருக்கும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிப்போம். தண்டுவட உறைக்கு வெளியே, முதுகெலும்பை ஒட்டி வருபவை ஒரு வகை. இவற்றில் பெரும்பாலானவை உடலின் வேறு இடத்துப் புற்றுநோயிலிருந்து பரவியவை. உறைக்குள் இருந்துகொண்டு தண்டுவடத்தை வெளியிலிருந்து அழுத்துபவை இரண்டாவது வகை. தண்டுவடத்தின் உள்ளேயே முளைப்பவை மூன்றாவது வகை. இவைதான் மிக அரிது. ஒரு பொது மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். கண்டுபிடிப்பு தாமதமாவதற்கு இதுவே பெரிய காரணம். யோசித்தே பார்க்காத நோயை யாரும் தேடுவதில்லை.

முதல் எட்டு மாதங்கள்

தொடக்கம் கழுத்து வலி. இடது தோள்பட்டையில் இறங்கி, கையின் உள்பக்கமாக முழங்கைவரை வந்தது. பகலில் வேலை செய்யும்போது தாங்கிக்கொள்ள முடிந்தது. இரவில் படுத்த பிறகுதான் கூடியது. சில இரவுகள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். இதை அவராகவே மூன்று மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறார். எந்தச் சீட்டிலும் அது எழுதப்படவில்லை.

கழுத்து எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் என்று வந்தது. நாற்பதைத் தாண்டிய பெரும்பாலோரின் கழுத்தில் ஏதோ ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். அது வலிக்குக் காரணமா, வெறுமனே உடன் இருப்பதா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. கழுத்துப் பட்டை, வலி மாத்திரை, களிம்பு என்று ஐந்து மாதங்கள் போயின. எலும்புத் தேய்மான வலி பொதுவாகப் படுத்தால் தணியும், தண்டுவடக் கட்டியின் வலி பல நேரங்களில் படுத்தால் கூடும். இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டு எழுதியிருந்தால் எக்ஸ்ரேயோடு நின்றிருக்க மாட்டோம்.

ஆறாவது மாதம் இடது கை சுண்டுவிரல் தோசைக்கல்லில் பட்டது. "சுட்டதே தெரியலை டாக்டர். தோல் கருகின வாசனை வந்து, எங்கேயோ துணி தீயுதுன்னு அடுப்பைச் சுத்திப் பார்த்தேன். கடைசியில பார்த்தா என் விரல்" என்றார். அதன்பிறகு இரண்டு மாதங்களில் இன்னும் மூன்று தீப்புண்கள். ஒன்று சீழ் பிடித்தது. அதே காலத்தில் கோலமாவு விரலிடுக்கில் நிற்காமல் கொட்டத் தொடங்கியது. சேலையில் ஊக்கு குத்த மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

தொழுநோய் என்ற முடிவு

எட்டாவது மாதம் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த மருத்துவர் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார்: கையை உற்றுப் பார்த்தார். வலியறியாத தீப்புண்கள். மடங்கத் தொடங்கியிருந்த சுண்டுவிரலும் மோதிர விரலும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் குழி விழுந்த தசை. முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு வெளிறிய தேமல். ஊசியால் தேமலைக் குத்தினார், நோயாளிக்குத் தெரியவில்லை. உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் முதன்மை அடையாளம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் தொழுநோய் என்றே நினைத்திருப்பேன். இந்தியாவில் வலியறியாத விரலுக்கு அதுதான் முதலில் நினைக்க வேண்டிய நோய், நினைக்கத் தவறக்கூடாத நோயும்கூட.

ஆனால் இரண்டு சோதனைகள் விடுபட்டன. தேமலுக்கு வெளியே, நல்ல நிறத்தோடு இருந்த தோலில் யாரும் ஊசி வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கும் குத்தல் தெரியவில்லை என்பது புரிந்திருக்கும். தேமலைப் பஞ்சால் தொட்டுப் பார்க்கவும் இல்லை. தொட்டிருந்தால் "தெரியுது" என்றிருப்பார். உணர்ச்சி இழந்த ஒரு பெரிய பரப்பின் நடுவே சாதாரணத் தேமல் ஒன்று தற்செயலாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

தோல் கீறல் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. கிருமி குறைந்த வகையில் அப்படி வருவது வழக்கம் என்பதால் அது யாரையும் நிறுத்தவில்லை. கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. கையின் பலவீனம் புதியது என்பதால் நரம்பு அழற்சிக்காக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 40 மில்லிகிராமும் தரப்பட்டது. நரம்பு பாதிக்கப்பட்ட தொழுநோயில் அதுவே முறையான சிகிச்சை.

இரண்டு வாரங்களில் கழுத்து வலி பாதியாகக் குறைந்தது. பிடியில் கொஞ்சம் வலு வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. கட்டியைச் சுற்றியிருந்த வீக்கத்தை ஸ்டீராய்டு வடித்திருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தவறான நோய்க்குக் கொடுத்த மருந்து சரியான நோயைச் சில வாரங்கள் தணித்துவிட்டது, தவறான முடிவும் அதனால் உறுதிப்பட்டது.

இந்த இடத்தில் மருத்துவத்தை விட்டுக் கொஞ்சம் விலகிச் சொல்ல வேண்டும். தொழுநோய் பதிவானால் குடும்பத்தினரையும் அக்கம்பக்கத்தாரையும் பரிசோதிப்பது வழக்கம். தேவையான நடைமுறை அது. ஆனால் வீட்டுக்கு வந்த பணியாளர்களைத் தெருவே பார்த்தது. கடைக்கு வருவோர் குறைந்தார்கள். யாரும் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை, வழி மாறிப் போனார்கள். மூன்றாவது வாரம் அரைத்த மாவு அப்படியே மிஞ்சியது. கடையை மூடினார்கள். மருந்து தொடங்கிவிட்டால் தொழுநோய் பிறருக்குப் பரவாது என்பது அந்தத் தெருவுக்கு எட்டவில்லை. அவருக்குத் தொழுநோயே இருந்திருந்தாலும் அந்தக் கடை மூடியிருக்க வேண்டியதில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

எங்களிடம் வந்தபோது

ஸ்டீராய்டு அளவைக் குறைக்கக் குறைக்க வலி திரும்பியது. பதின்மூன்றாவது மாதம் இடது காலில் செருப்பு நிற்காமல் கழன்றது. படியேறும்போது கால் விறைத்தது. தொழுநோயில் கால் இப்படி விறைக்காதே என்று சந்தேகப்பட்ட அதே சுகாதார நிலைய மருத்துவர்தான் எங்கள் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு அனுப்பினார். அவர் எழுதிய சீட்டில் "முழங்கால் அனிச்சை மிகுதி, மறுபரிசீலனை தேவை" என்று இருந்தது. தன் முடிவைத் தானே கேள்வி கேட்டு எழுதிய அந்த ஒரு வரிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பரிசோதனையில் கண்டவை: இரு கைகளிலும் உள்ளங்கைச் சிறுதசைகள் மெலிந்திருந்தன, இடதில் அதிகம். கைகளில் சுத்தியலால் தட்டினால் அனிச்சை இல்லை. கால்களில் நேர்மாறாக, தட்டுவதற்கு முன்பே எழும்பும் அளவுக்கு மிகுதி. பாதத்தின் அடியில் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி மடங்கியது, தண்டுவடமோ மூளையோ பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது. தொழுநோயில் வழக்கமாகத் தடிக்கும் முழங்கை நரம்பு இவருக்குத் தடித்திருக்கவில்லை. காதுக்குக் கீழே ஓடும் நரம்பும் அப்படியே.

பிறகு இரண்டு சோதனைக் குழாய்களில் வெந்நீரும் ஐஸ் தண்ணீரும் எடுத்து, கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வோர் அங்குலமாக வைத்துப் பார்த்தோம். தோள், இரு கைகள், மேல் மார்பு முழுவதும் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. மார்பின் நடுப்பகுதிக்குக் கீழே வந்ததும் "ஆ, சுடுது" என்றார். கழுத்துக்கு மேலேயும் சரியாகச் சொன்னார். தோளில் துண்டைப் போர்த்தியதுபோன்ற ஒரு பரப்பில் மட்டும் வலியும் வெப்பமும் இல்லை. அதே பரப்பில் பஞ்சு பட்டது தெரிந்தது. கண்ணை மூடச் சொல்லி விரலை அசைத்தால் மேலா கீழா என்று சரியாகச் சொன்னார்.

வலியும் வெப்பமும் கொண்டுவரும் நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அதன் நடுப்பகுதி வழியாக மறுபக்கத்துக்குக் கடக்கின்றன. தொடுவுணர்வும் மூட்டின் நிலையறியும் உணர்வும் நடுவில் கடக்காமல் பின்பக்கமாக நேரே மேலேறுகின்றன. நடுவில் ஒன்று வளர்ந்து விரிந்தால் கடக்கும் இழைகள் முதலில் அறுபடும், பின்பக்கம் தப்பிக்கும். தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. கோளாறு கையில் இல்லை, கழுத்துத் தண்டுவடத்தின் மையத்தில் இருக்கிறது என்பதை அந்த இரண்டு குழாய்களே சொல்லிவிட்டன.

நரம்பு மின்கடத்தல் சோதனை அதை உறுதிசெய்தது. விரலிலிருந்து மணிக்கட்டுக்கு வரும் உணர்ச்சி மின் அலை முழு அளவில் இருந்தது. உணராத விரலில் உணர்ச்சி அலை எப்படிச் சரியாக இருக்கும் என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்டார். உணர்ச்சி நரம்பின் உயிரணு தண்டுவடத்துக்கு வெளியே, வேர் முடிச்சில் இருக்கிறது. அதற்கும் விரலுக்கும் இடையே எல்லாம் நலம். செய்தி முடிச்சைத் தாண்டி உள்ளே நுழைந்த பிறகுதான் தொலைந்துபோகிறது. தொழுநோய் தாக்கிய நரம்பாக இருந்தால் அந்த அலையே அழிந்திருக்கும்.

முதல் ஸ்கேனும் என் தவறும்

கழுத்து எம்.ஆர்.ஐ. அன்று மாலையே கிடைத்தது. சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை முடிவு வராததால் கட்டி போன்றவற்றைப் படத்தில் ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமலே எடுக்கச் சொன்னேன். மூன்றாம் கழுத்து எலும்பு மட்டத்திலிருந்து நான்காம் மார்பு முதுகெலும்பு மட்டம்வரை தண்டுவடத்துக்குள் நீர் நிறைந்த குழி. நாங்கள் சிரிங்ஸ் என்று சொல்வது. அறிக்கையில் சிரிங்கோமைலியா, அதாவது தண்டுவட நீர்க்குழி நோய், என்று இருந்தது.

என் கண்டுபிடிப்போடு அது கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதாலேயே அங்கே நின்றுவிட்டேன். குடும்பத்தாரிடம் "தண்டுவடத்துக்குள்ள நீர் கோத்திருக்கு, தொழுநோய் இல்லை" என்று சொல்லி, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். தொழுநோய் இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் கணவர் அழுதார். அந்த நேரத்து மகிழ்ச்சியில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை: இந்த நீர் ஏன் வந்தது?

சிரிங்ஸ் பெரும்பாலும் வேறொன்றின் விளைவு. சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருக்கும் கியாரி குறைபாடு முதல் காரணம். பழைய காயம், பழைய மூளைக்காய்ச்சலின் தழும்பு மற்றவை. இவை எதுவும் இல்லையென்றால் கட்டி இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். இவருடைய படத்தில் சிறுமூளை அதன் இடத்தில்தான் இருந்தது. வாராந்திரப் படக் கூட்டத்தில் கதிரியல் மூத்த மருத்துவர் ஐந்தாம் எலும்பு மட்டத்தைக் காட்டி, "இங்கே இருப்பது நீர் மாதிரி இல்லையே, கான்ட்ராஸ்ட் எங்கே?" என்று கேட்டார். அன்றே தொலைபேசியில் அழைத்தோம். அதற்குள் 11 நாட்கள் போயிருந்தன.

கட்டி தெரிந்தது

கான்ட்ராஸ்ட் ஏற்றிய படத்தில் ஐந்தாம் எலும்பு முதல் ஏழாம் எலும்புவரை, தண்டுவடத்தின் நட்டநடுவில், ஏறத்தாழ நான்கரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டி சீராக ஒளிர்ந்தது. அதன் இரு முனைகளிலும் தொப்பி வைத்ததுபோல் கறுப்பு விளிம்பு. பழைய சிறு ரத்தக்கசிவின் இரும்புப் படிவு அது. நடுவில் இருப்பது, எல்லை தெளிவாக இருப்பது, முனைத் தொப்பி, மேலும் கீழும் நீர்க்குழி ஆகிய நான்கும் சேர்ந்தால் எபென்டைமோமா என்று பெரும்பாலும் சொல்லலாம். பெரியவர்களின் தண்டுவடத்துக்குள் வரும் கட்டிகளில் இதுவே அதிகம். குழந்தைகளில் அதிகம் வருவது ஆஸ்ட்ரோசைட்டோமா. அது ஓரமாக அமையும், எல்லை கலங்கியிருக்கும், பிரித்தெடுப்பது கடினம்.

காசநோய்க் கட்டி, நரம்புறை அழற்சி நோய்கள் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் செய்தோம். எதுவும் இல்லை. மூளையையும் முழு முதுகையும் படமெடுத்தோம். தண்டுவட எபென்டைமோமா, காது நரம்புகளில் கட்டி வரவைக்கும் மரபணு நோயான நியூரோஃபைப்ரோமடோசிஸ் இரண்டாம் வகையோடு சேர்ந்து வரலாம் என்பதால் காது நரம்புகளையும் பார்த்தோம். இந்த ஒரு கட்டியைத் தவிர வேறில்லை.

அறுவை சிகிச்சை பற்றிய முடிவு

நாங்கள் யோசித்த வழிகள் மூன்று. ஸ்டீராய்டு கொடுத்துக் காத்திருக்கலாம். ஆனால் கால்கள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டுவிட்டன. சிறு துணுக்கு மட்டும் எடுத்துப் பரிசோதித்துவிட்டுக் கதிர்வீச்சு தரலாம். எல்லை தெளிவான கட்டிக்கு அது குறைச் சிகிச்சை. முழுவதுமாக அகற்றுவது மூன்றாவது. எபென்டைமோமாவை முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதற்குமேல் சிகிச்சை தேவைப்படாது. எடுக்கும்போது நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு, மூச்சு ஆகியவற்றுக்கு ஆபத்து உண்டு. அறுவைக்குப் பின் ஒருவர் எப்படி இருப்பார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அறுவைக்கு முன் எப்படி இருந்தார் என்பதுதான். நடந்து வருபவருக்குச் செய்வதும், நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்படுபவருக்குச் செய்வதும் வெவ்வேறு சிகிச்சைகள் என்றே சொல்லலாம். இவர் அன்று நடந்து வந்தார்.

"ஆபரேஷன் செஞ்சா கை பழையபடி வருமா?" என்று கேட்டார். "போனது முழுசா வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் செய்யறோம். முதல் ஒரு மாசம் இப்ப இருக்கறதைவிட மோசமாக்கூட இருக்கலாம்" என்றேன். மோசமாகலாம் என்பதை முன்கூட்டியே சொல்வதா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. பயந்து போய்விடுவார் என்றார் ஒருவர். சொன்னதே சரி என்று பிறகு தெரிந்தது. கணவரும் அண்ணனும் இரண்டு நாள் யோசித்தார்கள். நோயாளியோ அன்றே சம்மதித்தார். செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏற்கப்பட்டது.

தண்டுவடக் கட்டியை அகற்றுவது புதிதல்ல. 1887இல் லண்டனில், மூன்று ஆண்டுகள் வலியால் தவித்த ஒரு ராணுவ அதிகாரிக்கு நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் பரிசோதனையை மட்டும் வைத்து இடத்தைக் குறித்தார். அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி அங்கே திறந்து கட்டியை எடுத்தார். எக்ஸ்ரேகூட கண்டுபிடிக்கப்படாத காலம். அந்தக் கட்டி தண்டுவடத்துக்கு வெளியே இருந்து அழுத்தியது, இங்கே உள்ளே இருக்கிறது. ஆனால் ஊசியையும் பஞ்சையும் வைத்து இடம் குறிப்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

நரம்பியல் அறுவை மருத்துவர்கள் ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். தண்டுவடத்தின் பின்பக்க நடுக்கோட்டில் நுண்ணோக்கி வழியாகத் திறந்தார்கள். அறுவையின்போது தொடர்ந்து கண்காணித்துவந்த மின்சைகைகளில், இடது காலை இயக்குவதற்கான சைகை நடுவில் ஒருமுறை விழுந்தது. உடனே நிறுத்தி, வெதுவெதுப்பான உப்புநீர் விட்டு, ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்திக் காத்திருந்தார்கள். தண்டுவடத்திலிருந்தே நேரடியாகப் பதிவாகும் டி அலை குறையாமல் இருந்ததால் தொடரலாம் என்று முடிவெடுத்தார்கள். இருபது நிமிடத்தில் காலின் சைகை திரும்பியது. கட்டி முழுதாக வந்தது.

திசுப் பரிசோதனையில் ரத்தக்குழாய்களைச் சுற்றி வட்டமாக அடுக்கிய உயிரணுக்கள், எபென்டைமோமாவுக்கே உரிய அமைப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் தண்டுவட எபென்டைமோமா, தரம் 2. முழுதாக எடுக்கப்பட்டதால் கதிர்வீச்சு தரவில்லை.

பின்னர் நடந்தவை

மறுநாள் கால்களை அசைத்தார். ஆனால் எழுந்து நிற்கவைத்தபோது "தரை எங்கே இருக்குன்னே தெரியலை" என்றார். கண்ணைத் திறந்து காலைப் பார்த்தால் நிற்க முடிந்தது, மூடினால் சாய்ந்தார். பின்பக்க நடுக்கோட்டில் திறக்கும்போது மூட்டுநிலை உணர்வைச் சுமக்கும் பாதைகள் விலக்கப்படுகின்றன. நோய் விட்டுவைத்திருந்த உணர்வை நாங்கள் தற்காலிகமாக எடுத்துக்கொண்டோம். முன்பே சொல்லியிருந்ததால் அவர் கலங்கவில்லை. கண்ணாடியின் முன் நின்று காலைப் பார்த்தபடி அடியெடுத்து வைக்கும் பயிற்சி தொடங்கியது. மூன்றாவது வாரம் வாக்கர், இரண்டாவது மாதம் கைத்தடி, ஆறாவது மாதம் வீட்டுக்குள் தடியில்லாமல்.

ஓராண்டு முடிவில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை. நீர்க்குழி ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது. கால் விறைப்பு பெரிதும் குறைந்துவிட்டது. கைப்பிடி சற்று வலுத்தது, மெலிந்த தசைகள் நிரம்பவில்லை. இடது தோளில் எரிச்சல் வலி புதிதாக வந்திருக்கிறது, பிரிகாபலின் எடுத்துக்கொள்கிறார். சூடு இன்றும் தெரியவில்லை. அதனால் அடுப்படிக்குப் போவதில்லை. கடையை மறுபடி திறந்திருக்கிறார்கள். மருமகள் கல்லில் நிற்கிறார், இவர் கல்லாவில்.

மாற்றிக்கொண்டவை

எங்கள் பிரிவில் காரணம் தெரியாத சிரிங்ஸ் என்றால் கான்ட்ராஸ்ட் படம் இல்லாமல் கோப்பு மூடப்படுவதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லையென்றால் அன்று படுக்கை கொடுத்து மறுநாள் எடுக்கிறோம். 11 நாட்கள் இவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை என்றே நினைக்கிறேன், ஆனால் ஆறு வாரம் காத்திருந்திருந்தால் நடந்து வந்திருப்பாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

சுகாதார நிலைய மருத்துவரோடு நீண்ட நேரம் பேசினேன். குறைசொல்ல அழைக்கவில்லை என்பதை முதலிலேயே சொன்னேன். தேமலைச் சோதிக்கும்போது அதற்கு வெளியேயும் சோதிப்பது, ஊசியோடு பஞ்சையும் பயன்படுத்துவது, கையில் பலவீனம் இருந்தால் முழங்காலைத் தட்டிப் பார்க்காமல் அனுப்பாமலிருப்பது என்று மூன்றையும் அவரே சொன்னார். நான் சேர்த்தது ஒன்று: ஸ்டீராய்டுக்குக் குணமானதை நோய்க்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்டுவடத்தில் எந்த வீக்கமும் அதற்குக் கொஞ்சம் பணியும்.

தொழுநோய்ப் பதிவேட்டில் இருந்த பெயரைத் திருத்தவும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அதற்கான கடிதத்தோடு திசு அறிக்கையின் நகலையும் இணைத்து அனுப்பினோம். திருத்தப்பட்ட சீட்டின் ஒரு பிரதியைக் கணவர் கேட்டு வாங்கிக்கொண்டார். கடையின் சுவரில், சாமி படத்துக்குக் கீழே அதை ஒட்டி வைத்திருப்பதாகப் போன பரிசோதனைக்கு வந்தபோது சொன்னார். அடுத்த எம்.ஆர்.ஐ. வரும் ஆண்டு.